முகூர்த்தம் முழுக்க ஓட கேம்கார்டரா, மிரர்லெஸ்ஸா? மறுபடியும் 29 நிமிஷம் 59 நொடி

ட்ரைபாட்மணி:
கல்யாண வீடியோவுக்குப் புதுசா இறங்குறவங்களுக்குச் சொல்றேன். மிரர்லெஸ் (லென்ஸ் மாத்தி மாட்டுற, போட்டோவும் வீடியோவும் எடுக்கிற கேமரா) எதை வாங்கினாலும் வீடியோ பதிவு 29 நிமிஷம் 59 நொடியில தானா நின்னுடும். முகூர்த்தம் ஒன்றரை மணி நேரம் போகும். தாலி கட்டுற நேரத்துல கேமரா நின்னா பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு யார் பதில் சொல்றது? சோனி என்எக்ஸ்100 மாதிரி, வீடியோவுக்குன்னே இருக்கிற கேம்கார்டர் வாங்குங்க. 1 இன்ச் சென்சார், 12 மடங்கு ஆப்டிகல் ஜூம், உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர், ரெண்டு கார்டு ஸ்லாட், மைக்கும் மிக்சரும் சொருக ரெண்டு எக்ஸ்எல்ஆர். வேற எதுவும் யோசிக்க வேண்டாம்.

ஒளிவட்டம்:
"எதை வாங்கினாலும் நின்னுடும்" என்பது பச்சைப் பொய். இதைப் படிச்சுட்டு ஒருத்தன் காசைக் கொண்டுபோய்க் கொட்டுவான், அதனால எழுதுறேன்.

30 நிமிஷமோ அதுக்கு மேலயோ ஒரே ஓட்டமா பதியுற கேமராவை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரான்னு வகைப்படுத்தி சுங்க வரி போட்டது. அந்த வரிக்குத் தப்பத்தான் கம்பெனிகள் கேமராவுக்குள்ளே இருக்கிற மென்பொருள்லயே (ஃபர்ம்வேர்) 29:59ல பூட்டு போட்டாங்க. சென்சாரால முடியாம இல்லை. உலக வர்த்தக அமைப்போட தகவல் தொழில்நுட்ப வரி உடன்பாடு 2015ல விரிவாச்சு, இந்த வரி படிப்படியா இறங்கி 2019ல எடுபட்டுப் போச்சு. 2017ல வந்த பானசோனிக் ஜிஎச்5ல பூட்டு இல்லை. 2019ல வந்த சோனி ஏ6400ல இல்லை. 2022ல வந்த கேனான் ஆர்6 மார்க் 2ல இல்லை. நீங்க எந்த வருஷத்துல இருக்கீங்க?

ட்ரைபாட்மணி:
சுங்க வரிப் பாடம் யாரும் கேட்கலை. 2020ல வந்த கேனான் ஆர்5, 29:59ல நிக்கும். உங்க கணக்குப்படி வரி போன அடுத்த வருஷம் வந்த கேமரா அது. 2023ல வந்த ஆர்50 ஒரு மணி நேரத்துல நிக்கும். இதுக்கு என்ன சொல்றீங்க?

ஒளிவட்டம்:
ஒரு மணி நேரம் 29:59 ஆயிடுமா? நீங்க எழுதினது "எதை வாங்கினாலும்". நான் மூணு மாடல் பேர் சொல்லிட்டேன். அந்த மூணுக்கும் பதில் வரலை.

புதுக்கண்:
அண்ணே, சென்னையில மண்டபக் கல்யாணங்களுக்குத்தான் எடுக்கப் போறேன். ஒரு ஆள், ஒரு கேமரா. ஏ6400 வாங்கினா 4கேல ஒன்றரை மணி நேரம் ஓடுமா ஓடாதா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.

ட்ரைபாட்மணி:
ஓடாது தம்பி. சூடாகி நின்னுடும். பூட்டு இல்லைன்னு பெருமை பேசுறவர் மண்டபத்துச் சூட்டைப் பத்தி வாயே திறக்கலை பாருங்க. 29:59ல நின்னா என்ன, 40 நிமிஷத்துல வெந்து நின்னா என்ன? நின்னா நின்னதுதான்.

ஒளிவட்டம்:
பார்த்தீங்களா, இப்போ பேச்சு 29:59ல இருந்து சூட்டுக்குத் தாவிடுச்சு!

புதுக்கண், கவனமா செய்யுங்க. எவ்வளவு சூடானா கேமரா அணையணும்னு வைக்க மெனுவுல ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்னு ஒண்ணு இருக்கும், அதை ஸ்டாண்டர்டுல இருந்து ஹைக்கு மாத்துங்க. அதை மாத்தாம விட்டுட்டுத்தான் பாதிப் பேர் கேமராவைத் திட்டுறாங்க. திரையை உடம்போட ஒட்டி வைக்காம வெளியே இழுத்து வைங்க, பின்பக்கம் காத்துப் படணும். என்பி-எஃப்டபிள்யூ50 பேட்டரி 1020 எம்ஏஎச்தான், முகூர்த்தம் முழுக்கத் தாங்காது. டம்மி பேட்டரி போட்டு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தா பேட்டரியோட சொந்தச் சூடும் உள்ளே சேராது. அவுட்புட் 1080தான் (ஃபுல் எச்டி) கேட்கிறாங்கன்னா 1080லயே எடுங்க, சூடு வெகுவாக் குறையும்.

4கே 100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட்) ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு சுமார் 80 நிமிஷத்துல நிரம்பிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு 128 ஜிபி, வேகமா எழுதுற யு3 குறி போட்ட கார்டா வேணும்.

ட்ரைபாட்மணி:
மெனு மாத்தணும், திரையை இழுக்கணும், டம்மி பேட்டரி மாட்டணும். அப்புறம் ஒரே ஒரு கார்டு ஸ்லாட், அதுவும் பேட்டரி மூடிக்குள்ளே. டம்மி பேட்டரி வயரோட எப்படி கார்டு மாத்துவீங்க? என்எக்ஸ்100ல ஒரு கார்டு நிரம்பினா அடுத்ததுக்குத் தானாத் தாவும். இல்லைன்னா ரெண்டுலயும் ஒரே நேரத்துல பதியும். ஒரு கார்டு கெட்டாலும் கல்யாணம் கையில இருக்கும். ஏ6400ல கார்டு கெட்டா?

கோவைகேண்டிட்:
ட்ரைபாட்ல நட்டு வச்சுட்டு டீ குடிக்கப் போறவங்களுக்குத்தான் இந்த 29:59 கவலை எல்லாம். ஷாட் எடுக்கத் தெரிஞ்சவனுக்கு 20 நொடி கிளிப் போதும்.

ட்ரைபாட்மணி:
20 நொடி கிளிப்பை வச்சு மூணு நிமிஷப் பாட்டு வெட்டிக் கொடுக்கலாம். கன்னிகாதானத்துல தாத்தா எங்கே நின்னார்னு பாட்டி கேட்டா என்னத்தைக் காட்டுவீங்க? முழு நீள வீடியோ எடுக்கிறவனைக் கேவலமா பேசுறதை நிறுத்துங்க. உங்க கேண்டிட் பசங்க மணவறைக்கு முன்னாடி முதுகைக் காட்டிட்டு நிக்கிறதாலதான் எங்க ஃபிரேம் பாழாகுது.

சவுண்ட்செல்வா:
ரெண்டு பேரும் சத்தத்தைப் பத்திப் பேசவே இல்லை. ஏ6400ல ஹெட்போன் ஜாக் கிடையாது. என்ன பதியுதுன்னு கேமராவுல நேரா ஹெட்போன் சொருகிக் கேட்க வழி இல்லை. மண்டபத்து மிக்சர்ல இருந்து லைன் அவுட் எடுத்து நேரா 3.5 எம்எம் மைக் ஜாக்ல சொருகினா நாதஸ்வரம் ஆரம்பிச்ச உடனே சத்தம் கிழியும். நடுவுல சிக்னலைக் குறைக்கிற அட்டெனுவேட்டர் கேபிள் போடணும், அல்லது ரெக்கார்டர்ல தனியா எடுக்கணும். எக்ஸ்எல்ஆர் உள்ள கேமராவுல லைன், மைக், மைக்+48வி (மைக்குக்குக் கரண்ட் கொடுக்கிறது) சுவிட்ச் இருக்கு. லைன்ல வச்சா முடிஞ்சது. மறந்து 48விலயே விட்டுட்டு மிக்சர்ல சொருகாதீங்க.

ஒளிவட்டம்:
சத்தம் தனி இழை. இங்கே கேள்வி 29:59. தொடர்ந்து ஓடுறதுன்னு வந்துட்டதால இதையும் சொல்றேன். உங்க கேம்கார்டர்ல ஏவிசிஎச்டிங்கிற பதிவு ஃபார்மட்டை வச்சா கோப்பு 2 ஜிபிக்கு ஒரு தடவை உடையும். 28 எம்பிபிஎஸ்ல அது சுமார் 10 நிமிஷம். ஸ்ட்ரீம் ஃபோல்டர்ல இருந்து எம்டிஎஸ் கோப்புகளைத் தனித்தனியா இழுத்து எடிட்டிங்ல போட்டா ஒவ்வொரு ஒட்டுலயும் சத்தம் ஒரு வெட்டு வெட்டும். மந்திரம் நடுவுல 'டக்'னு கேட்கும். அதனால கார்டுல இருக்கிற ஃபோல்டரை அப்படியே முழுசா எடுக்கணும். 29:59 பத்திக் கவலைப்படுறவர் இந்தப் பத்து நிமிஷ வெட்டைப் பத்தி ஏன் பேசலை?

ட்ரைபாட்மணி:
கோப்பு உடையுறதும் கேமரா நிக்கிறதும் ஒண்ணா? எக்ஸ்ஏவிசி எஸ் ஃபார்மட்ல, எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபிக்கு மேல உள்ள) கார்டுல எடுத்தா அந்தப் பிரச்சனையே இல்லை. என்எக்ஸ்100 அதை 50 எம்பிபிஎஸ்ல எடுக்கும். இது தெரிஞ்சும் ஏவிசிஎச்டியைக் கொண்டு வர்றீங்க. விளக்கு துடிக்கிற ஃப்ளிக்கர் பத்தின பழைய இழையிலயும் இதையேதான் பண்ணீங்க.

ஒளிவட்டம்:
ஃப்ளிக்கர் இழையில நான் சொன்னது இன்னைக்கும் சரிதான். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். கேமராவை பேல்ல (50 ஹெர்ட்ஸ் ஊர்களுக்கான அமைப்பு) வச்சு 25பி அல்லது 50பி (நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம்), ஷட்டர் 1/50 நொடி. அதுலயும் விளக்கு துடிச்சா 1/100. 60 ஹெர்ட்ஸ் ஊர்களுக்கான என்டிஎஸ்சில 60பி வச்சு 1/60ல எடுத்துட்டு எல்இடி லைட் போட்டவனைத் திட்டினது நீங்க.

ட்ரைபாட்மணி:
ஜூமுக்கு வாங்க. என்எக்ஸ்100 கடைசி முனையில 348 எம்எம் (ஃபுல் ஃபிரேம் கணக்குல; எண் கூடினா தூரத்துல இருக்கிறது பெருசாத் தெரியும்). 15 மீட்டர்ல ட்ரைபாட் போட்டா ஃபிரேம் அகலம் ஒன்றரை மீட்டர், பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும். ஏ6400ல 18-105 எம்எம் லென்ஸ் போட்டா அதே கணக்குல 157 எம்எம், ஃபிரேம் அகலம் மூன்றரை மீட்டர். ஐயர், அக்னி, அத்தை எல்லாரும் உள்ளே.

ஒளிவட்டம்:
4கேல எடுத்து 1080க்குப் பாதியா வெட்டினா அதே 157 எம்எம்ல 1.7 மீட்டர் வந்துடும். சென்சார் பரப்பு உங்க 1 இன்ச்சை விட மூணு மடங்கு. 12 மடங்கு ஜூம் முனையில உங்க லென்ஸ் எஃப்4.5க்கு இறங்கிடும், என்னோடது முழுக்க எஃப்4 (எண் கூடினா உள்ளே வர்ற வெளிச்சம் குறையும்). மண்டபத்து வெளிச்சத்துல கெயின் (சிக்னலைப் பெருக்கி வெளிச்சம் கூட்டுறது) ஏத்தினா யார் படத்துல மண் துகள் தெரியும்?

ட்ரைபாட்மணி:
சூடாகும்னுதானே 1080லயே எடுங்கன்னு மேலே சொன்னீங்க? இப்போ வெட்டுறதுக்கு 4கே வேணுமா? ரெண்டுல எது?

புதுக்கண்:
அண்ணே, அதைத்தான் நானும் கேட்க வந்தேன். 1080ல எடுத்தா வெட்ட முடியாது, 4கேல எடுத்தா சூடு. எதை வைக்கிறது?

ஒளிவட்டம்:
கேமராவே படத்தைப் பெருசாக்குற கிளியர் இமேஜ் ஜூம் 1080ல 2 மடங்கு போகும், 4கேல ஒன்றரை. எதை வச்சாலும் பூட்டு இல்லை. முதல்ல இவர் "எதை வாங்கினாலும் 29:59" என்பதை அழிக்கட்டும், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

ட்ரைபாட்மணி:
ஆர்5. 2020. 29:59. அழிக்க மாட்டேன்.

ஒளிவட்டம்:
ஏ6400. 2019. பூட்டு இல்லை. நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

சவுண்ட்செல்வா:
ஹெட்போன் ஜாக்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.