ஒத்திப் பத்திரத்தை ஏஐ கையில் கொடுக்கலாமா?

மதுரை ஜூனியர்:
வணக்கம். சிவில் பக்கம் ஜூனியராகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் ஆபீசில் ஏஐ எதையும் தொடக்கூடாது என்று சீனியர் சொல்லிவிட்டார். எனக்கு இது சரியாகப் படவில்லை. கீழ்க் கோர்ட்டில் பிராது, சாட்சியம், பத்திரம் எல்லாம் தமிழில் இருக்கின்றன. ஹைகோர்ட்டுக்குப் போனால் அத்தனையையும் இங்கிலீஷாக்கி டைப்டு செட், அதாவது டைப் அடித்த ஆவணத் தொகுப்பு, போட வேண்டும். போன மாதம் ஒரே மேல்முறையீட்டுக்கு 180 பக்கம், மூன்று ராத்திரி தூக்கமில்லை. தீர்ப்புகளை மொழிபெயர்க்க சுப்ரீம் கோர்ட்டே 2019இல் சுவாஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. கோர்ட்டுகளைக் கணினிமயமாக்கும் இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கான 7,210 கோடி ரூபாயில் 53.57 கோடி ஏஐ, பிளாக்செயின் போன்றவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. கோர்ட் தொடலாம், வக்கீல் தொடக்கூடாதா?

சிவில் சீனியர்:
தம்பி, உங்கள் சீனியர் போட்ட விதிதான் என் ஆபீசிலும். நியூயார்க்கில் 2023இல் நடந்தது நினைவிருக்கும். விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்தது என்று ஒரு பயணி ஏவியான்கா நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு. அவருடைய வக்கீல் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்தார். அவை எந்தக் கோர்ட்டிலும் சொல்லப்படாத தீர்ப்புகள். நீதிபதி காஸ்டல் 5,000 டாலர் அபராதம் போட்டார். அந்த வக்கீல் "இந்த வழக்கு உண்மைதானா?" என்று அதே சாட்ஜிபிடியிடம்தான் கேட்டார். அதுவும் ஆமாம் என்றது. பொய் சாட்சியிடமே போய், நீ சொன்னது நிஜமா என்று கேட்டால் வேறென்ன சொல்வான்?

நிரலாளர்:
சார், அது பொதுவான சாட்பாட், அதுவும் பழைய கதை. சட்டத்துக்கென்றே இப்போது வரும் கருவிகள் முதலில் தீர்ப்புத் தொகுப்பில் தேடுகின்றன. கிடைத்த தீர்ப்பை முன்னால் வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகின்றன. கூடவே இணைப்பும் கொடுக்கின்றன. சொடுக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

சிவில் சீனியர்:
அந்த வகைக் கருவிகளைத்தான் ஸ்டான்ஃபோர்டில் 2024இல் சோதித்தார்கள். பெரிய நிறுவனங்கள் விற்கும் கருவிகளே ஆறு கேள்விக்கு ஒன்றிலாவது தவறின. எனக்கு இல்லாத தீர்ப்பைவிட இருக்கிற தீர்ப்பைப் பற்றித்தான் பயம் அதிகம். இல்லாத தீர்ப்பு எதிர்த்தரப்பு தேடிய அஞ்சாவது நிமிஷம் மாட்டிக்கொள்ளும். நிஜமான தீர்ப்பை, அது சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினால்? முழுத் தீர்ப்பையும் உட்கார்ந்து படிப்பவர் கண்ணுக்குத்தான் அது தெரியும். அப்படிப் படிக்கும் பழக்கம்தான் முதலில் போய்விடுகிறது.

வாதியின் மகள்:
நான் வக்கீல் இல்லை, கேஸ் நடத்துகிற வீடு. எங்கள் தோட்டத்துக்குப் போகும் நடைபாதைக்காக அப்பா போட்ட வழக்கு. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா நடத்துகிறார். முன்சீப் கோர்ட்டில் தோற்றோம், சப் கோர்ட் அப்பீலிலும் தோற்றோம். தீர்ப்பு 31 பக்கம், இங்கிலீஷ். வக்கீலைக் கேட்டால் "கேஸ் அடிபட்டுப் போச்சும்மா" என்பதோடு சரி. போன வாரம் நான்தான் தீர்ப்பை ஏஐயில் போட்டு, தமிழில் சொல்லச் சொன்னேன். வேறு வழியாகவும் தோட்டத்துக்குப் போகலாம் என்று, இடத்தைப் பார்த்துவர கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கையில் இருக்கிறதாம், அதனால்தான் தள்ளுபடியாம். அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அந்த வழியில் ஓடை குறுக்கே போகுதே, ஆடி ஆவணியில் இடுப்பளவு தண்ணி, அதை யாரும் சொல்லலையா?" என்றார். ஏன் தோற்றோம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இதை ஆபத்து என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மதுரை ஜூனியர்:
இதைத்தான் சொல்ல வந்தேன். நன்றி, அக்கா.

சிவில் சீனியர்:
அம்மாவுக்குத் தீர்ப்பைப் புரியவைப்பது வக்கீலின் கடமை. அதை நாங்கள் செய்யவில்லை என்றால் தப்பு எங்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புரிந்துகொள்வது வேறு, கோர்ட்டில் தாக்கல் செய்வது வேறு.

என் கட்சிக்காரர் ஒருவர் தாத்தா காலத்துப் பத்திரத்தைப் படமெடுத்து, ஏஐயிடம் இங்கிலீஷில் வாங்கிக்கொண்டு வந்தார். வாசிக்க அழகாக இருந்தது. மூலத்தில் "ஷை நிலத்தை" என்று வருகிற இடமெல்லாம் ஷை என்பவருடைய நிலம் என்று ஒரு ஆளை உண்டாக்கியிருந்தது. ஷை என்றால் மேற்படி என்பது பத்திரம் எழுதுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். அதுகூடச் சிரித்துவிட்டுத் திருத்தலாம். "சுவாதீன ஒத்தி" என்று எழுதியிருந்ததை லீஸ் என்று போட்டிருந்தது. ஊரில் வீட்டை ஒத்திக்கு விடுவதை இப்போது லீசுக்கு விடுவது என்றுதானே பேசுகிறார்கள்? அந்தப் பேச்சைத்தான் அது படித்திருக்கும்.

ஒத்தி என்பது 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 58(டி) சொல்லும் அடமானம். நிலத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார், கடன் தீர்ந்தால் திருப்பித் தருவார். இதில் அடமானம் எழுதிய தேதியிலிருந்து காலவரம்பு ஓடாது என்று சிங் ராம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2014இல் சொல்லிவிட்டது. குத்தகை அப்படியா? குத்தகை முடிவுக்கு வந்து 12 வருஷம் தாண்டினால் நிலத்தை மீட்க வழக்கே போட முடியாது. அந்தக் காகிதத்தை அப்படியே டைப்டு செட்டில் சேர்த்திருந்தால், எங்கள் பத்திரமே எங்களுக்கு எதிராகப் பேசியிருக்கும். இரண்டே முக்கால் ஏக்கர் நஞ்சை.

மதுரை ஜூனியர்:
சார், அந்தத் தப்பை மனுஷனும் செய்கிறான். கூலிக்கு மொழிபெயர்ப்பவர் ஒத்தியை லீஸ் என்று எழுதி, அது பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த கேஸ் கட்டை நானே பார்த்திருக்கிறேன். ஒத்தி, போக்கியம், சுத்தக்கிரயம், செட்டில்மென்ட் என்று நம் பத்திரச் சொற்களுக்கு ஒரு பட்டியல் செய்து கொடுத்தால் இயந்திரம் மறக்காது. 180 பக்கத்தில் 170 பக்கம் சாதாரண வாசகம். அதை அது செய்யட்டும், மிச்ச நேரத்தில் நான் அந்தப் பத்துப் பக்கத்தை வரிவரியாகப் பார்க்கிறேன். கேரள ஹைகோர்ட் 2025 ஜூலையில் மாவட்ட நீதிமன்றங்களுக்குப் போட்ட கொள்கையும் இதைத்தானே சொல்கிறது? ஏஐ மொழிபெயர்ப்பை மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்கிறது, தொடவே கூடாது என்று சொல்லவில்லை.

சிவில் சீனியர்:
அதே கொள்கை, முடிவுக்கு வரவும் உத்தரவு எழுதவும் ஏஐயை அண்டவிடக் கூடாது என்கிறது. கட்சிக்காரர் ரகசியம் பற்றியும் யோசியுங்கள். யாரோ நடத்தும் சர்வரில் அவர் குடும்பப் பத்திரத்தை ஏற்றுகிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? சரி, எந்தப் பத்துப் பக்கம் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

நிரலாளர்:
ரகசியம் பற்றிச் சொல்வது நியாயம். ஆபீஸ் கணினிக்குள்ளேயே ஓடும் மாடல்கள் இருக்கின்றன, அதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் சட்டத்தை இயந்திரத்துக்குக் கற்றுத்தருவது ஒன்றும் நேற்றைய ஆசை இல்லை. பிரிட்டனின் குடியுரிமைச் சட்டத்தை 1986இலேயே தர்க்க நிரலாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். இன்ன இடத்தில் பிறந்தான், பெற்றோர் இன்னார் என்றால் குடியுரிமை உண்டா இல்லையா என்று அது சொல்லிவிடும். காலவரம்பு, கோர்ட் கட்டணம், அதிகார வரம்பு மாதிரி கணக்குகளிலாவது இயந்திரத்தை நம்பலாமே.

சிவில் சீனியர்:
கணக்கு வரை சரி. அந்தக் காலவரம்புச் சட்டத்திலேயே 5ஆம் பிரிவு, "போதுமான காரணம்" இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்கிறது. ஆடு மேய்ப்பவருக்கும் வங்கிக்கும் ஒரே அளவா போதுமானது? அதை எதிரே நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் நீதிபதி சொல்ல வேண்டும். 2023இல் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட்டில் ஒரு ஜாமீன் மனுவில் நீதிபதி சாட்ஜிபிடியைக் கேட்டார். வழக்கின் தகுதி பற்றி இது எதுவும் சொல்லவில்லை என்று அவரே உத்தரவில் எழுதிவைத்தார்.

வாதியின் மகள்:
குறுக்கே கேட்கிறேன், மன்னியுங்கள். காலவரம்பு என்றதும் நினைவு வந்தது. மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்றும் அன்றைக்கே ஏஐயிடம் கேட்டேன். 30 நாள் என்றது. சப் கோர்ட் தீர்ப்பு வந்து 52 நாள் ஆகிறது. அதனால்தான் அம்மா விட்டுவிடச் சொன்னார்.

சிவில் சீனியர்:
அம்மா, விட்டுவிடாதீர்கள். 30 நாள் என்பது மாவட்ட அளவில் ஒரு கோர்ட்டிலிருந்து அடுத்த கோர்ட்டுக்குப் போகும் அப்பீலுக்கு. நீங்கள் போக வேண்டியது ஹைகோர்ட்டுக்கு, இரண்டாம் மேல்முறையீடு. அதற்கு 90 நாள். நகல் வாங்க ஆன நாட்களையும் காலவரம்புச் சட்டம் 12ஆம் பிரிவில் கழித்துக்கொள்ளலாம். சட்டப் பிரச்சினை ஒன்று இருந்தால்தான் ஹைகோர்ட் எடுக்கும், அதைத் தீர்ப்பைப் படித்துத்தான் சொல்ல முடியும். சான்றிட்ட நகல் வாங்கிவிட்டீர்களா?

நிரலாளர்:
அவர் மேல்முறையீடு என்று மட்டும் கேட்டிருக்கிறார். இது முதலாவதா இரண்டாவதா என்று அது திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கணக்கை நம்பலாம் என்று நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மதுரை ஜூனியர்:
அக்கா, அந்த ஓடை விஷயம். கமிஷனர் அறிக்கைக்கு உங்கள் தரப்பில் ஆட்சேபணை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். டைப்டு செட் மொழிபெயர்ப்பு நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் கையால்.

வாதியின் மகள்:
நகல் இருக்கிறது சார். கடைசிப் பக்கத்தின் பின்னால் ஒரு முத்திரை, அதில் வரிசையாகத் தேதிகள். விண்ணப்பித்த தேதி, நகல் தயாரான தேதி என்று போட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் 19 நாள். படமெடுக்கிறேன், அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.