ஆறுமுகம் தாத்தா வாரிசுகள் (குடும்ப அரட்டைக் குழு)

ரேவதி: அம்மாவின் ரிப்போர்ட் வந்துவிட்டது. தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் 0.01க்கும் கீழே. தைராய்டு சுரக்கும் டி4 மிக அதிகம். வியாழக்கிழமை திருச்சியில் டாக்டர். கூட யார் வருகிறீர்கள்?

கமலா பெரியம்மா: தைராய்டா? இதற்கா பயம்? என் மாத்திரை ஒரு பாட்டில் மிச்சம் இருக்கிறது. வெறும் வயிற்றில் போடச் சொல்.

முரளி மாமா: அக்கா, கொடுத்துவிடாதீர்கள்! உங்களுக்குச் சுரப்பது குறைவு, செல்விக்கு அதிகம். உங்கள் மாத்திரையே தைராக்சின்தான், அதாவது அதே டி4. எரிகிற கொள்ளியில் எண்ணெய்.

சுதா அத்தை: கிரகப்பிரவேசத்தன்றே செல்வி கையில் டவரா கடகடவென்று ஆடியது. நான் சொன்னபோது யார் கேட்டீர்கள்?

கமலா பெரியம்மா: கிரகப்பிரவேசம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பித்தளை அண்டா இன்னும் வரவில்லை.

சுதா அத்தை: அது மாமியார் எனக்குக் கொடுத்தது.

குமார்: மறுபடியும் அண்டாவா!

முரளி மாமா: விஷயத்துக்கு வாருங்கள். கிரேவ்ஸ் நோயா (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடுவது), கட்டியா, அழற்சியா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு, கிரேவ்ஸைக் காட்டிக்கொடுக்கும் டிஆர்ஏபி ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால், தைராய்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டெக்னீஷியம் ஸ்கேன். அழற்சியில் சேமிப்பில் இருந்த ஹார்மோன்தான் கசிகிறது, அதற்கு, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை உதவாது. கிரேவ்ஸ் என்றால் வழக்கமாக 12 முதல் 18 மாதம் அந்த மாத்திரை. அது அபூர்வமாக வெள்ளையணுக்களைக் குறைத்துவிடும், அதனால் இடையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளையணுக்களைப் பார்த்தாக வேண்டும். படபடப்புக்குப் புரோப்ரனலால் எழுதுவார்கள். செல்விக்கு ஆஸ்துமா இருப்பதை டாக்டரிடம் சொல்ல மறக்காதே, ஆஸ்துமாவுக்குப் புரோப்ரனலால் ஆகாது.

குமார்: மாமா, மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

ரேவதி: முடி கொட்டுகிறது என்று அம்மா ஏதோ பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறார். பரவாயில்லையா?

முரளி மாமா: யார் வாங்கிக் கொடுத்தது?

கமலா பெரியம்மா: நான்தான். அதற்கென்ன?

முரளி மாமா: சில ஆய்வகக் கருவிகளில் பயோட்டின் டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். இன்றே நிறுத்தட்டும். இரண்டு நாளாவது கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கட்டும்.

குமார்: அப்படியானால் நோயே இல்லையா?

முரளி மாமா: நாடி 118, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைகிறது, கை நடுங்குகிறது. இதையெல்லாம் பயோட்டின் செய்யாது.

சுதா அத்தை: பக்கத்து வீட்டுக்காரர்கள் கண் பட்டிருக்கும். சுற்றியும் போடுங்கள்.

ரேவதி: வியாழக்கிழமைக்கு யார் என்று இன்னும் சொல்லவில்லை.

கமலா பெரியம்மா: நான் வருகிறேன். முன் சீட் எனக்கு.

சுதா அத்தை: அப்படியானால் நான் பஸ்ஸில் வருகிறேன்.

செல்வி: படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வியாழக்கிழமை வேண்டாம், எலக்ட்ரீஷியன் வருகிறார்.

முரளி மாமா: எலக்ட்ரீஷியனா!