மறு: சகப்பிணைப்புத் திண்மங்களுக்கு இரண்டு சொல் தேவை

வணக்கம்.

> காட்பாடியிலிருந்து: சகப்பிணைப்புச் சேர்மத்துக்கு (அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இணைந்தது) உருகுநிலை குறைவு என்று பாடம் எடுத்தேன். "பாலாத்து மணலும் சகப்பிணைப்புதானே சார், அது ஏன் உருகல?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

காட்பாடி ஐயா, அந்தப் பெண் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அது உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்துருண்டை 80 டிகிரியிலேயே உருகிவிடும். ஆனால் அந்துருண்டை உருகும்போது நாப்தலீன் மூலக்கூறுக்குள் ஒரு சகப்பிணைப்புகூட அறுவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையில் இருக்கும் வான்டர் வால்ஸ் விசைதான் தளர்கிறது. மணலிலோ தனி மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு சிலிக்கனும் நான்கு ஆக்சிஜனோடு, ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கனோடு என்று ஒரு மணல் துகளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பிணைப்புதான். உருக்க வேண்டுமென்றால் அதையே அறுக்க வேண்டும். கருங்கல் அறுக்கும் பட்டறையில் பிளேடின் விளிம்பில் பதிக்கும் வைரத்துகளும் இதே ரகம்.

ஆகவே மணல், வைரம் போன்ற இந்த ரகத்துக்குத் தனிப் பெயர் வேண்டும். 'இராட்சத மூலக்கூறு' எனக்கு ஒப்பவில்லை. புரதம், பாலிதீன் எல்லாம் அதில் வந்து விழும். 'சகப்பிணைப்புப் படிகம்' என்றால் சர்க்கரையும் சகப்பிணைப்பு உள்ள படிகம்தானே என்று அதே மாணவி மறுபடி எழுந்து நிற்பாள்.

என் பரிந்துரை: சகவலைத் திண்மம், அதாவது சகப்பிணைப்பே வலையாகப் பரவிய திண்மம். உப்பிலும் அயனிகள் வலைபோல் அடுக்கியிருப்பதால் 'சக' அவசியம். கண்ணாடிக்குப் படிக ஒழுங்கு இல்லை, ஆனாலும் பிணைப்பு வலை உண்டு; அதனால்தான் படிகம் என்னாமல் திண்மம் என்றேன்.

---

> ஆம்பூரிலிருந்து: 'வலை' என்றால் தட்டையாகத் தோன்றாதா? வைரம் மூன்று பக்கமும் போகிறதே. கிராஃபைட்டை எங்கே வைப்பீர்கள்?

அம்மா, கிராஃபைட்டும் சகவலைதான். அதில் வலை ஏடு ஏடாக இருக்கிறது. ஏட்டுக்குள் பிணைப்பு கெட்டி, ஏடுகளுக்கு இடையே பலவீனம். பென்சில் தாளில் தேய்வது அதனால். மின்சாரமும் கடத்தும், 'சகப்பிணைப்புப் பொருள் மின்சாரம் கடத்தாது' என்ற வரிக்கு அது தனித் தலைவலி. 'ஏட்டு வலை', 'முப்பரிமாண வலை' என்று முன்னொட்டுப் போட்டுக்கொள்ளலாம். 'பின்னல்' என்று வைத்தால் சடை நினைவு வரும், வேண்டாம்.

அந்துருண்டை, சர்க்கரை போன்றவற்றுக்கு மூலக்கூற்றுத் திண்மம் என்ற சொல் ஏற்கெனவே நன்றாக ஓடுகிறது, அதைத் தொட வேண்டாம். பண்புகள் அட்டவணையை மட்டும் மூலக்கூற்றுத் திண்மம், சகவலைத் திண்மம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துவிட்டால், 'விதிவிலக்கு: வைரம், சிலிக்கா' என்ற அடிக்குறிப்பை எடுத்துவிடலாம்.