ரூக்கே சிவப்பு வைன்: ரோஜா வாசம் இவ்வளவு தூக்கலாக இருக்குமா?

கேள்வி
பரோலோ, பார்பெரா போன்ற இத்தாலிய சிவப்பு வைன்கள் எல்லாம் ஓரளவு பழக்கம். நேற்றுதான் முதல்முறையாக ரூக்கே திறந்தேன், ஆல்கஹால் 14.5 சதவீதம். வெளிர் மாணிக்க நிறம், ஓரத்தில் லேசான ஊதா. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே ரோஜா, அப்புறம் மிளகு. வாசத்தை நம்பி வாயில் வைத்தால் துளிகூட இனிப்பு இல்லை! கடைசியில் துவர்ப்பும் மெல்லிய கசப்பும் நாக்கில் நிற்கின்றன. இது இயல்புதானா? வாசனை எதுவும் சேர்க்கிறார்களா?

பதில் 1
சேர்ப்பதில்லை. அந்தத் திராட்சையின் குணமே அது. விதிப்படி குறைந்தது 90 சதவீதம் ரூக்கே இருக்க வேண்டும். மீதிக்கு பார்பெரா, பிராக்கெத்தோ திராட்சைகளைச் சேர்க்கலாம். பிராக்கெத்தோவுக்கும் ரோஜா வாசம் உண்டு. கசப்பும் இயல்புதான்.

பதில் 2
இத்தாலியின் பியமோன்தே பகுதியில், கஸ்தாஞ்ஞோலே மொன்ஃபெர்ராத்தோவைச் சுற்றி ஏழே ஊர்களின் வைன் இது. ஜாக்கமோ காவுதா என்ற பங்குத்தந்தை 1960களில் இந்தக் கொடிகளைக் காப்பாற்றித் தனி வைனாக எடுத்திருக்காவிட்டால் நமக்குப் பெயரே தெரிந்திருக்காது. (சாமியார் கெட்டிக்காரர்!) 1987இல் டிஓசி என்ற இத்தாலிய வைன் தரச்சான்றும், 2010இல் அதற்கும் மேல்நிலையான டிஓசிஜியும் கிடைத்தன. புளிப்பு குறைவு என்பதால் சூடேறினால் ஆல்கஹால்தான் முன்னால் வரும். 16 டிகிரியில் குடித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
சரி, மிச்சத்தைக் குளிரவைத்துக் குடித்தேன். ஆல்கஹால் நெடி அடங்கிவிட்டது, மிளகு தெளிவாகத் தெரிகிறது. ரோஜா மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் ஓவர்தான். ரொபியோலா சீஸோடு நன்றாகப் போகிறது, தனியாக இரண்டாவது கிளாஸ் கஷ்டம்.