சுடாத மண்ணுக்குச் சிற்பம் என்று பெயரா?

தம்பலகாமத்தான்:
"ஒரு பிடி களிமண் போதும், திருகோணமலையின் வரலாறு வகுப்பறையிலேயே உயிர்பெறும்" என்று நேற்று நிலாவெளி ரீச்சர் எழுதியிருந்தார். படங்களையும் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோணேசர் மலையும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் செய்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் ஒன்றையாவது சூளையில் வைத்தார்களா? இல்லை. சுடாத மண் காய்ந்த சேறு. அதற்குச் சிற்பம் என்று பெயர் வைக்காதீர்கள். என் அப்பா நாற்பது வருடம் சட்டி பானை வனைந்தவர். எனக்கு யாரும் மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

நிலாவெளி ரீச்சர்:
அண்ணை, நான் எழுதியது பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்பதைப் பற்றி. போர்த்துக்கேயப் பறங்கியர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாட வரி. அன்று, தாங்களே இரண்டு கிழமை உட்கார்ந்து பிடித்த கோயிலை உடைத்து, அதே மண்ணில் மதில் கட்டச் சொன்னேன். ஒரு பிள்ளை கோபுரத்தில் கை வைக்கவே மாட்டேன் என்று அழுதது. சுட்டிருந்தால் அந்தப் பாடம் நடந்திருக்குமா?

தம்பலகாமத்தான்:
அப்போ உடைத்தும் விட்டீர்கள். சிற்பம் எங்கே?

உப்புவெளிப் பொடியன்:
ஹா ஹா. ரீச்சர், கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். என் தங்கச்சி அந்த வகுப்புத்தான். தண்ணீர் ஊற்றினார்களாம். பத்து நிமிடத்தில் ஏழும் ஒரே குளம்!

தம்பலகாமத்தான்:
இதைத்தான் சொல்கிறேன். ஏறக்குறைய அறுநூறு பாகை சூடு ஏறினால்தான் மண் திரும்பக் கரையாத பொருளாக மாறும். அதுவரை வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் தண்ணீர் பட்டால் சேறுதான். சுட்டீர்களா, இல்லையா?

நிலாவெளி ரீச்சர்:
ஆவணிச் சதுர்த்திக்குப் பிடிக்கும் மண் பிள்ளையாரைச் சுடுவார்களா? கரைப்பதற்கென்றே செய்கிறார்கள். அவரையும் சேறு என்பீர்களா?

தம்பலகாமத்தான்:
பிள்ளையாரை ஏன் இழுக்கிறீர்கள்? அது வழிபாடு. நான் கேட்டது சூளை.

மூதூர் மச்சான்:
1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்த கோணேசர் கோயில் வெண்கலச் சிலைகளை எடுங்கள். சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன். அவை போன்றவற்றை மெழுகில் பிடித்து, மேலே களிமண் பூசித்தான் வார்ப்பார்கள். களிமண் இல்லாமல் வெண்கலமே இல்லை.

தம்பலகாமத்தான்:
தம்பி, எனக்குச் சாதகமாகவே பேசுகிறீர். அந்த மண் அச்சை நெருப்பில் காய்ச்சித்தான் மெழுகை உருக்கி வடிப்பார்கள். சுட்ட மண்!

மூதூர் மச்சான்:
ஐயோ, நான் சொன்னது அதுவல்ல.

உப்புவெளிப் பொடியன்:
அண்ணை, போன வருடக் கண்காட்சியில் ரெஜிபோமில், அதுதான் அந்த வெள்ளை நுரை அட்டையில், செய்த கோபுரத்துக்கு முதற்பரிசு கொடுத்த நடுவர் நீங்கள்தானே? அதை எந்தச் சூளையில் வைத்தீர்கள்?

தம்பலகாமத்தான்:
மூன்று நடுவர்களில் நான் ஒருவன். நான் அந்தக் கோபுரத்துக்குப் புள்ளி போடவே இல்லை. இந்தக் கதையை யார் பரப்புகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் பரிசு கிடைத்த வகுப்பின் ரீச்சர் யார் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

நிலாவெளி ரீச்சர்:
ஓ, இப்போது அங்கே போகிறீர்களா? சரி. எங்களுடையது மண். வென்றது ரெஜிபோம். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

தம்பலகாமத்தான்:
உங்களுடையது சுடாத மண்.

மூதூர் மச்சான்:
சுடுவதென்றால் சும்மாவா அண்ணை? பிள்ளைகள் பிடிக்கும் உருவம் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. உள்ளே ஈரம் இருந்தால் சூளையில் வெடிக்கும். நிற்பதற்காகக் கம்பி வைத்தால் மண் சுருங்கும், கம்பி சுருங்காது, பிளந்துவிடும்.

உப்புவெளிப் பொடியன்:
பிளந்தால் கோணேசர் மலையில் இருக்கிற பிளவு, இராவணன் வெட்டு என்று சொல்லிவிடலாம்.

தம்பலகாமத்தான்:
உள்ளே குடைந்தெடுத்து, நிழலில் ஆறவிட்டுச் சுட்டால் ஏன் வெடிக்கிறது? பழக்கமில்லாதவர்கள் சொல்லும் சாட்டு இது.

நிலாவெளி ரீச்சர்:
அப்போ வாருங்களேன். அடுத்த தவணைக்கு உங்கள் வீட்டுச் சூளையில் சுட்டுத் தாருங்கள்.

தம்பலகாமத்தான்:
சூளையை 1990இலேயே விட்டுவிட்டுத்தான் ஓடினோம். அது வேறு கதை. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.