விடைத்தாள், துணி துவைப்பு, மழை நாள்: எதற்கு எந்த மெட்டல்?

கேட்பவர்: தலவாக்கலைக் கணக்கு வாத்தியார்

வணக்கம். தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். உயர்தரம் படித்த காலத்திலிருந்து ஹெவி மெட்டல் இசை கேட்டு வருபவன். ஆனாலும் எந்த வேலைக்கு எதைக் கேட்பது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை என்பது போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒரு பிழைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

தவணைப் பரீட்சை முடிந்து, தரம் 10 விடைத்தாள்கள் 74 வீட்டுக்கு வந்திருந்தன. அயர்ன் மெய்டன் குழுவின் பாடல்களைப் போட்டுவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன். பதினைந்து தாள்கள் வரை கை நன்றாக ஓடியது. பிறகு தற்செயலாக ஒரு தாளின் கூட்டுத்தொகையைச் சரிபார்த்தபோது, மூன்றாம் வினாவுக்குரிய 7 புள்ளிகளை இரண்டு தடவை கூட்டியிருந்தது தெரிந்தது. சந்தேகத்தில் முன்னையவற்றையும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் நான்கு தாள்களில் பிழை. அந்தக் குழுவின் பாடல்களில் பெரும்பாலும் ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும். போர்க்களமோ கடற்பயணமோ ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டு போகும். வரிகள் எனக்கு மனப்பாடம் என்பதால் வாய் பாட்டோடு போக, கை மட்டும் தாளில் தங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் அதே பாடல்களைக் கேட்டுக்கொண்டு பீலிக்கரையில் துணி துவைத்தால் ஒரு வாளித் துணி முடிந்ததே தெரிவதில்லை. ஆகவே குறை பாடலில் இல்லை, நான் பொருத்திய இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே நாட்கணக்கில் மலை தெரியாது. பாடசாலையிலிருந்து நனைந்து வந்து அடுப்படியில் குளிர்காயும் நேரத்தில் வேகமான எதையும் என் காது ஏற்பதில்லை. மெதுவானதைப் போட்டால் மனம் இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. அம்மா வேறு, "வெளியில இடிக்கிறது பத்தாதா?" என்று கேட்கிறார். வேலைக்கும் வீட்டுக் காரியங்களுக்கும் மனநிலைக்கும் நீங்கள் எப்படித் தெரிவு செய்கிறீர்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

பதில்: பொகவந்தலாவை ஸ்டோர்க்காரன்

வணக்கம் சேர். நான் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவன். எந்த இசை என்று சொல்வதற்கு முன், எங்கே இசையே கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். உருட்டும் இயந்திரங்கள் ஓடும் பகுதியில் நான் ஹெட்போனைத் தொடுவதே இல்லை. பட்டி தளர்ந்தாலும் பெயரிங் தேய்ந்தாலும் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் தெரியும். மேலும், இயந்திர இரைச்சலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமானால் சத்தத்தை அதற்கும் மேலே கூட்ட வேண்டியிருக்கும். 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது தொழிற் சுகாதாரத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 94 டெசிபலில் ஒரு மணித்தியாலத்தோடு காதின் பங்கு தீர்ந்துவிடும்.

மெட்டல் கேட்பவனுக்கு இதைச் சொல்ல வேறொரு காரணமும் இருக்கிறது. பிளாக் சபாத் குழுவின் கிற்றார் கலைஞர் டோனி அயோமி பதினேழு வயதில் பர்மிங்ஹாமில் தகட்டு உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தபோது, அதுவும் வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், இயந்திரத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி நுனி செய்து மாட்டிக்கொண்டு கிற்றார் வாசித்த அவர், பின்னர் விரலுக்கு இலகுவாக இருக்கும்படி நரம்புகளைத் தளர்த்தியும் கட்டினார். 1971இல் வந்த மூன்றாவது இசைத்தொகுப்பில் கேட்கும் அந்தத் தாழ்ந்த கனத்த ஒலிக்கு அந்தத் தளர்ச்சியும் ஒரு காரணம். நாம் இரசிக்கும் இசையே ஒரு தொழிற்சாலை விபத்தைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறது.

எனக்குக் கேட்கக் கிடைப்பது வாட்டு, அதாவது கொழுந்தின் ஈரத்தைக் குறைக்கும் வேலை, நடக்கும் நேரம். அந்தியில் வந்து இறங்கிய கொழுந்தைத் தொட்டிகளில் பரப்பி, கீழிருந்து காற்றை விட்டால், அதன்பின் பல மணித்தியாலங்களுக்கு அவசரம் கிடையாது. இடையிடையே போய் ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிவிட்டுக் கையைத் திறந்து பார்க்க வேண்டும். உருண்டை உடனே விரிந்து உதிர்ந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, பிடித்த வடிவத்தில் அப்படியே கிடந்தால் வாட்டு சரியாகிவிட்டது. மற்ற நேரம் பதிவேடுதான். இந்த நிதானத்துக்கு, மிக மெதுவாகவும் கனமாகவும் நகரும் டூம் மெட்டலைப் போல ஒத்துவருவது எதுவும் இல்லை. ஸ்லீப் என்ற அமெரிக்கக் குழுவின் ஒரு மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட ஒரே பாடல், டோப்ஸ்மோக்கர், எனக்குக் கடிகாரம் மாதிரி. அது ஒரு முறை முடிந்தால் எழுந்து போய்க் கொழுந்தைப் பிடித்துப் பார்ப்பேன். மாற்றம் மிக மெதுவாக வருவதால் மனம் அதன்பின்னே ஓடாது. அதே வேளை முற்றிலும் மௌனமாக இருந்தால் வருகிற தூக்கமும் வராது. அதிகாலையில் உருட்டல் தொடங்கும்போது ஹெட்போன் மேசை லாச்சிக்குள் போய்விடும்.

பதில்: பண்டாரவளை மொழிபெயர்ப்பு

வணக்கம் சேர். நான் வீட்டிலிருந்து சிங்கள ஆவணங்களைத் தமிழாக்கித் தட்டச்சு செய்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். வேகமும் சத்தமும் உங்களைக் குழப்பியதாக நான் நினைக்கவில்லை, சொற்களே குழப்பியிருக்கின்றன. மொழியைக் கொண்டு செய்யும் வேலைக்குள் நமக்குப் புரியும் மொழி காதுவழியாக நுழைந்தால் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். புள்ளிகளைக் கூட்டும்போது நீங்களும் மனதுக்குள் "ஏழும் எட்டும் பதினைந்து" என்று சொல்லிக்கொண்டுதானே கூட்டுகிறீர்கள்? அந்த வாயை அயர்ன் மெய்டன் பறித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நான் கண்டுகொண்ட வழி, எனக்குத் தெரியாத மொழியில் பாடுகிறவர்களைக் கேட்பது. பின்லாந்தின் மூன்சாரோ குழுவினர் தங்கள் மொழியிலேயே பாடுகிறார்கள். அவர்களுடைய 2007ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருப்பதே இரண்டு பாடல்கள், சேர்ந்து ஏறத்தாழ 56 நிமிடங்கள். ஒரு சொல்லும் விளங்காது என்பதால் குரலும் ஒரு வாத்தியமாகிவிடுகிறது. உறுமிப் பாடும் டெத் மெட்டலும் இதே காரணத்துக்காகக் கைகொடுக்கும், ஆனால் வரிகளைத் தேடி வாசித்துவிடக் கூடாது. நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் வாசித்துவிட்டு, மிக அருமையான ஒரு தொகுப்பை வேலை நேரத்துக்கு இல்லாமல் செய்துகொண்டேன். இப்போது அந்த உறுமல் ஒவ்வொன்றும் எனக்கு வசனமாகக் கேட்கிறது.

இன்னொன்றில் நான் மிகவும் கண்டிப்பு: புதிதாக வந்ததை வேலை நேரத்தில் கேட்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரியாதபோது காது வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்கும். பத்துத் தடவை கேட்டுத் தழும்பேறியதே வேலைக்குத் துணை.

சமையலறைச் சங்கதி முற்றிலும் வேறு. அங்கே எனக்கு வேண்டியது கால அளவு. வேகமாக வாசிக்கும் ஸ்லேயர் குழுவின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பு ரெய்ன் இன் பிளட் முழுவதுமே 29 நிமிடங்கள்தான். காலை ஐந்தேகாலுக்கு அதைத் தொடங்கினால், ரொட்டிக்கு மாப் பிசைந்து, தேங்காய் துருவி, கட்டச் சம்பல் இடித்து, முதல் ரொட்டியைத் தாச்சியில் போடும்போது கடைசிப் பாட்டின் மழைச் சத்தம் கேட்கும். அது கேட்டும் ரொட்டி தாச்சிக்குப் போகவில்லை என்றால் பிள்ளைகளுக்கு பஸ் தவறிவிடும். சம்பலை அந்தத் தாளத்துக்கு இடிக்க முயல வேண்டாம்; கை வலிக்கும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். இடைவெளி விட்டு விழும் தாளம், அதாவது ஸ்டோர்க்காரத் தம்பி சொன்ன டூம் வகைதான், உலக்கைக்கும் துணிக்கல்லுக்கும் சரி.

பதில்: மஸ்கெலியாவிலிருந்து கொழும்புக்கு

வணக்கம். எல்லோரும் கோபிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எதிர்க்கருத்தைச் சொல்கிறேன். ரொட்டி சுடுவதற்கு ஸ்லேயர் என்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை, அக்கா. ஓர் இசையைக் கடிகாரமாகவும் தூக்கம் கலைக்கும் மருந்தாகவும் பயன்படுத்தத் தொடங்கினால், நாளடைவில் அதைக் கேட்கும் காது மழுங்கிவிடாதா? நான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். வேலை நேரத்தில் எதுவும் கேட்பதில்லை. மாதத்தில் ஒரு தடவை ஊருக்கு வரும் பதுளை ரயில்தான் என் கேட்கும் நேரம். யன்னலோரத்தில் இருந்து ஒரு தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை இடையில் நிறுத்தாமல் கேட்பேன். அட்டனில் இறங்க வேண்டியவன், ஒரு தடவை பாட்டு முடியவில்லை என்று இறங்காமலே இருந்து, சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டுக்குள் அந்தப் பாட்டைக் கேட்டு முடித்து, கொட்டகலையில் இறங்கித் திரும்ப பஸ் பிடித்தேன். அந்த 500 மீற்றர் சொச்ச இருட்டுக்கு அந்த பஸ் காசு தகும்.

மனநிலையைப் பற்றி வாத்தியார் கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. கோபத்தையும் துக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. கோபத்துக்கு மெட்டல் எண்ணெய் ஊற்றும் என்று வீட்டில் சொல்வார்கள். எனக்கு அப்படி நடந்ததில்லை. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் செய்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 18 முதல் 34 வயது வரையான 39 இரசிகர்களுக்கு முதலில் கோபம் வரும்படி பேச வைத்து, பிறகு ஒரு பகுதியினரைத் தங்களுக்குப் பிடித்த பாடல்களைக் கேட்கவும் மற்றவர்களைச் சும்மா இருக்கவும் விட்டார்கள். இரு தரப்பிலும் எரிச்சல் குறைந்தது. ஆனால் உற்சாகம் கூடியது கேட்டவர்களுக்கு மட்டுமே. சும்மா இருந்தவர்களின் இதயத்துடிப்பு இறங்கியது, கேட்டவர்களுடையது ஏறிய இடத்திலேயே நின்றது. அதாவது உடம்பு அதே வேகத்தில் இருக்க, மனதிலுள்ள கசப்பு மட்டும் கழன்றுவிடுகிறது. வாடிக்கையாளர் முன்னிலையில் முதலாளியிடம் ஏச்சு வாங்கிய இரவுகளில் எனக்கு நடப்பதும் இதுவே.

துக்கம் அப்படியல்ல. அப்பாயி இறந்தபோது மூன்று கிழமை என்னால் மெட்டல் கேட்க முடியவில்லை. சாவு வீட்டில் தப்படித்தவர்கள் மழை ஈரத்தில் தொய்ந்த தோலை, வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டிக் காட்டி முறுக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்த ட்ரம்ஸும் காதில் ஒட்டவில்லை. மறுபடி மெட்டலுக்குத் திரும்பியபோது ஓபெத் குழு 2003இல் வெளியிட்ட டேம்நேஷன் தொகுப்பில்தான் தொடங்கினேன். அதில் உறுமல் ஓர் இடத்திலும் கிடையாது. ஆகவே உங்கள் மழைநாளுக்கும், மெதுவானதா வேகமானதா என்று பார்க்காமல், மென்மையான குரல் உள்ளதா என்று பார்த்துத் தொடங்கிப் பாருங்கள்.

பதில்: பண்டாரவளை மொழிபெயர்ப்பு

தம்பி, கோபம் இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு ரயில் பயணம் உங்களுக்கு வாய்க்கிறது. எனக்குக் காலையில் அந்த 29 நிமிடங்கள் மட்டுமே என்னுடையவை. கடமையோடு சேர்த்துக் கேட்டதால் அது தேய்ந்துவிடவில்லை. சம்பல் இடிக்கும்போதுதான் கடைசிப் பாட்டுக்கு முன்னால் வரும் ட்ரம்ஸ் எவ்வளவு நுணுக்கமானது என்று முதன்முதலாகக் கவனித்தேன். துக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

கேட்டவரின் மறுமொழி: தலவாக்கலைக் கணக்கு வாத்தியார்

அனைவருக்கும் நன்றி. மிகுதித் தாள்களில் 40ஐ இந்தக் கிழமை முடித்தேன். அக்கா சொன்ன பின்லாந்துக்காரர்களைப் போட்டுக்கொண்டு பல்தேர்வு வினாக்களைத் திருத்தியதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கேத்திரகணித நிறுவல்களுக்கு வந்தபோது, பிள்ளை எந்த வரியில் வழி தவறியிருக்கிறது என்று தேட வேண்டியிருந்ததால், நானாகவே கை நீட்டி நிறுத்திவிட்டேன். அதற்கு எந்த மொழியும் உதவாது போலிருக்கிறது. கூட்டல்களை எல்லாம் ஒதுக்கி வைத்து, கடைசியில் மௌனமாக இருந்து ஒரே மூச்சில் கூட்டினேன்.

நேற்று மழை விடவே இல்லை. தம்பி சொன்ன ஓபெத் தொகுப்பை அடுப்படியில் மெல்லிய சத்தத்தில் வைத்தேன். அம்மா இரண்டு பாட்டுவரை ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்துவிட்டு, "இவங்களுக்கு ஒழுங்காவும் பாடத் தெரியுமா?" என்று கேட்டார்.