பங்குனி ஆமையைக் கோலமாக இடலாமா?

கேள்வி – மயிலாப்பூர் வாசகி:
2025 சனவரியில், பொங்கலை ஒட்டிய நாள்களில், சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி எனும் கடலாமைகள்) நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. பெசன்ட் நகரில் ஒன்றை அருகில் நின்று பார்த்தேன். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. வரும் மார்கழியில் அதை வாசலில் மாக்கோலமாக இட எண்ணுகிறேன். காலையில் இட்டது மாலைக்குள் மிதிபட்டு அழிவதே இதற்குப் பொருத்தம் என்றும் தோன்றுகிறது. இது சாவை அழகுபடுத்துவதாக முடிந்துவிடுமோ என்பதுதான் என் தயக்கம்.

பதில் – ஓவிய ஆசிரியர்:
அழியும் கோலத்தை அழியும் உயிருக்கு உவமையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கோலம் மறுநாள் காலை வாசலுக்கு வந்துவிடும். மொரீசியசுத் தீவில் வாழ்ந்து அற்றுப்போன டோடோ என்ற பறவை திரும்ப வரவில்லை. முகலாயப் பேரரசர் சகாங்கீரின் அவை ஓவியர் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் டோடோ ஓவியம் ஒன்று, ஏறத்தாழ 1625ஆம் ஆண்டைச் சேர்ந்தது, இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ளது. அந்தப் பறவை அற்றுப்போகும் என்று அவர் அறிந்திருக்க வழியில்லை. இறகின் நிறத்தையும் அலகின் வளைவையும் கண்டவாறே வரைந்தார், அவ்வளவே. பறவை மறைந்த பிறகு ஆய்வாளர்கள் நாடும் அரிய சான்றுகளுள் ஒன்றாக அது ஆகிவிட்டது. ஆகவே, முதலில் ஆமையைச் சரியாகப் பாருங்கள்.

பதில் – இரவில் ஆமைமுட்டைகளைக் காக்கத் தேடி நடப்பவன்:
ஐயா சொன்னதோடு சில செய்திகள். பங்குனி ஆமை இன்னும் அற்றுப்போகவில்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைத் தரம்பிரிக்கும் உலகச் செம்பட்டியலில் அது 'அழிவாய்ப்பு இனம்' (Vulnerable). ஆமை மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும்; இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூழ்கி இறக்கும். நீங்கள் கண்ட பிதுங்கிய கண்களுக்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும். வலையில்லாமல் ஆமையை மட்டும் வரைந்தால் பாதிக் கதைதான் வரும். கரையில் கிடக்கும் ஆமையோட்டை மாதிரிக்காகக்கூட எடுத்து வராதீர்கள்; 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இன்னொன்று: பேராமை எனும் இன்னொரு கடலாமையின் ஓட்டில், நடுவரிசைக்கு இருபுறமும் உள்ள விலாத்தகடுகள் பக்கத்துக்கு நான்கு இருக்கும், பங்குனி ஆமைக்கு ஆறு, ஏழு, சில நேரம் அதற்கு மேலும் இருக்கும், இருபுறமும் பல நேரம் ஒத்திருக்காது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இடப்புறம் ஆறு, வலப்புறம் ஏழு எனப் புள்ளி வைத்து, வலைக்கண்களைச் சிக்குக்கோல இழைகளாகச் சுற்றிப் பார்த்தேன். வலத்தோளருகே ஓர் இழை மூடாமல் நிற்கிறது. புள்ளி தவறிவிட்டது என்று மாமியார் திருத்த வந்தார். ஆமையின் ஓடே அப்படித்தான் என்றேன். அந்த இழையை அப்படியே விடலாம்தானே?